தீர்மானம் எண் பதினேழு

ஆடி மூன்றாம் செவ்வாய்.
இடம்: காசிமேடு, ஐஸ் ஃபேக்டரி பின்சந்து.
வருகை பன்னிரண்டு பேர்.
வராதவர் இருவர்:
நவமணியின் மகன் ஸ்டான்லியில்,
பிலோமியின் மகன் ஸ்டேஷனில்.

மகளிர் குழு நோட்டில்
கடன், வட்டி, தவணை தவிர
வேறெதுவும் எழுதியதில்லை நான்.
எழுத்து நன்றாயிருக்கும் என்று
செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

கேரம் போர்டில் ஒரு சிவப்புக் காய்க்காகத்
தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.
காய்க்கு முன்னால் ஒரு கொடிக்கம்பம்,
கம்பத்துக்கு முன்னால் ஒரு சாவு ஊர்வலம்,
அதற்கும் முன்னால் என்ன என்றால்
ஆளுக்கொரு கதை.
குப்பத்துப் பசங்க இந்தப் பக்கம்,
ஹவுசிங் போர்டுப் பசங்க அந்தப் பக்கம்.
நடுவில் நாங்கள் மீன் வெட்டும் இடம்.

தேசம்மாதான் பேச்சை எடுத்தாள்.
"கத்தி நம்ம சாமான்டி.
வஞ்சிரம் எங்க புட்ச்சா எங்க பிரியும்னு
நமக்குத் தெரியும், அதுங்களுக்கு இன்னா தெரியும்?
பட்டறையில போனா துட்டு கேப்பான்,
நம்ம கூடையில கை வுட்டா ஓசி.
எண்ணுங்க. அல்லாத்தையும் எண்ணுங்க."

சாக்கு விரித்து எண்ணினோம், செதிலோடு.
அரிவாமனை ஒன்பது.
கத்தி பதினான்கு.
இறால் உரிக்கும் தன் குட்டிக் கத்தியையும்
குர்ஷித் அக்கா கொண்டுவந்து வைத்தாள்,
இதுவும் வெட்டும், எழுதிக்கோ என்று.
பிடியில் சுற்றியிருக்கும் சேலைக் கிழிசலும்
சைக்கிள் ட்யூபும் பார்த்தாலே
யாருடையது என்று சொல்லிவிடலாம்.

இருபத்தைந்து வரவேண்டும்.
ஒன்று குறைந்தது.
நீலச் சரிகை சுற்றியது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அதுவே போதுமாயிருந்தது.

வீட்டில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
சிலிண்டருக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தேன்.
"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."
"நான் கேக்கவே இல்லியே."
ரசத்துக்கு மேல் அவன் கை
அப்படியே நின்றது.

திரும்பி வந்து சாக்கில் போட்டபோது
தேசம்மா சொன்னது ஒரே சொல்: "எழுது."
செயலாளர் வீட்டிலிருந்து ஒன்று,
என்று எழுதினேன். எழுத்து நன்றாயில்லை.

தீர்மானம்: கத்தி காலையில் எண்ணித் தரப்படும்,
வியாபாரம் முடிந்ததும் எண்ணி வாங்கப்படும்,
குப்பம், போர்டு இரண்டுக்கும் இதே கணக்கு.
பெட்டி ஐஸ் ஃபேக்டரியில். பூட்டு ஒன்று.

மறுநாள் பிலோமியை ஷேர் ஆட்டோவில் ஏற்றி
ஸ்டான்லிக்குக் கூட்டிப்போனோம்.
போகமாட்டேன் என்று வழியெல்லாம் அழுதாள்.
வார்டு வாசல் பெஞ்சில் நவமணி.
ஒருவரையொருவர் பார்த்தபடி
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
மூன்று ஸ்ட்ரெச்சர் போயின.
பிறகு நவமணி கையிலிருந்த டோக்கனை நீட்டினாள்.
"புடி. நம்பர் கூப்ட்டா சொல்லு.
காலைலேந்து பாத்ரூம் போவல."
பிலோமி அந்தத் தாளை
இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பதினைந்து நாள் கழித்து
ஸ்டேஷனில் அமைதிக் குழுக் கூட்டம்.
பட்டியலில் பதினாறு பேர், பதினாறு நாற்காலி,
எல்லார் தோளிலும் துண்டு.
எங்களை "ஓரமா நில்லுங்கம்மா" என்றார்கள்.
நின்றோம்.
அமைதி திரும்பியதற்கு யார் யார் காரணம் என்று
அவர்கள் பேசி முடிக்கும் வரை
மீன் வாடையோடு நின்றோம்.
நன்றியுரைக்கு முன் தேசம்மா
மேஜைவரை நடந்துபோய்
சாவியை எடுத்து வைத்தாள்.
"நாளைக்கு அஞ்சு மணிக்கு எண்ணித் தரணும்.
இந்தப் பதினாறுல யார் வர்றீங்க?"

துண்டுகள் ஒன்றையொன்று பார்த்தன.
சாவியை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள்.
காலியாக இருந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியை
இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"எழுதுங்க சார், பதினேழு."

இன்று காலை எண்ணினோம். இருபத்தைந்து.
தவணை பாக்கி இருவர்.
என் மகன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.
தட்டை மட்டும்
கழுவி வைத்துவிட்டுப் போகிறான்.